செக் ஷீட்டின் பின்பக்கம்

நான் அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எல்லோரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘கடைசி’, ‘இதுதான் கடைசி’, ‘யாரும் தொடாதே’ என்று ஐந்து ஃபைல்கள் இருந்தன. ஐந்தும் ஒரே படிவம்தான். இதில் எதை உபயோகிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஐந்தையும் இல்லையாம். ஸ்டோர்ஸ்காரர் தன் பென் டிரைவில் வைத்திருக்கும் ஆறாவதையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் வருவது எப்போதும் இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். ரயிலில் யாராவது காலை மிதித்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு ஃபைலுக்குக் கண்டபடி பெயர் வைத்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார் கதவுக்கும் சீட்டுக்கும் வேண்டிய தகட்டுச் சாமான்களை பிரஸ் மெஷினில் அழுத்தி வளைத்துக் கொடுக்கிற நடுத்தரமான தொழிற்சாலை அது. ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது என் வேலை. டாக்குமென்ட் கன்ட்ரோல் என்பார்கள். சாத்தூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி, கணவரின் சாஃப்ட்வேர் வேலைக்காக அயனம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்த எனக்கு, அது வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்த வேலை. வீட்டிலும் நான் இப்படித்தான். மளிகை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்டியிருப்பேன். கணவர், “உப்பைப் பார்த்தாலே உப்புன்னு தெரியாதா?” என்பார். ரவைக்குப் பதில் கோலமாவை எடுத்து உப்புமா கிண்டப் பார்த்தவர் அவர்தான்.

தொழிற்சாலையில் ரெக்கார்டு ரூம் என்று ஒன்று இருந்தது. மழை பெய்தால் ஒழுகும். எலி உண்டு. பத்து வருடத்துக் காகிதங்கள் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. ஒரு முறை எங்களிடம் சாமான் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வந்தார். போன வருடத்தில் குறிப்பிட்ட ஒரு நாளின் தாள் வேண்டும் என்றார். மூன்று பேர் காலையிலிருந்து மதியம் வரை தேடினோம். கடைசியில் அந்தக் கட்டு ஆயுத பூஜைச் சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டிக்குள், குங்குமம் கொட்டிய நிலையில் கிடைத்தது. ஆடிட்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் பிளான்ட் ஹெட்டுக்கு ஒரு வாரம் உறுத்தியது.

“உங்களால என்ன செய்ய முடியும் சொல்லுங்க?” என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“எந்தத் தாளைக் கேட்டாலும் பத்து செகண்ட்ல காட்டுவேன் சார்” என்றேன்.

வாய்க்கொழுப்புதான். ஆனால் செய்து காட்டினேன். ஃபைலுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று ஒரு விதி எழுதினேன்: முதலில் தேதி, பிறகு மெஷின் எண், பிறகு ஷிஃப்ட். பழைய கட்டுகளை அடுக்கடுக்காகப் பிரித்து ஸ்கேன் செய்தோம். ‘கடைசி’களையும் ‘இதுதான் கடைசி’களையும் ஒழித்துக்கட்டினேன். எட்டு மாதத்தில் அந்த ரெக்கார்டு ரூமில் ஒரு கட்டுகூட இல்லை. வெள்ளையடித்து, ஏசி போட்டு, அதையே எனக்கு அறையாகக் கொடுத்தார்கள். அப்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

நான் சொல்ல வந்தது செக் ஷீட்டைப் பற்றி.

ஒவ்வொரு பிரஸ் மெஷினுக்கும் ஷிஃப்டுக்கு ஒரு தாள் உண்டு. அதை அட்டையில் கிளிப் போட்டு மெஷின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருப்பார்கள். வேலையைத் தொடங்கும் முன் ஆப்பரேட்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட வேண்டும். எண்ணெய் அளவு சரியா, காற்றழுத்தம் சரியா, அவசரப் பொத்தான் வேலை செய்கிறதா, லைட் கர்ட்டன் வேலை செய்கிறதா என்று பதினான்கு கட்டங்கள். லைட் கர்ட்டன் என்பது மெஷினுக்கு முன்னால் இருக்கும் ஒளிக்கதிர் வரிசை. கை அதைத் தாண்டி உள்ளே போனால் மெஷின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏதாவது ஒரு கட்டத்தில் ஆப்பரேட்டர் பெருக்கல் குறி போட்டுவிட்டால், மெயின்டனன்ஸ்காரர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை அந்த மெஷின் ஓடக் கூடாது. அது விதி. மெஷின் நின்றால் சூப்பர்வைசர் குதிப்பார். அன்றைய கணக்குக் குறையும், மேலே இருந்து போன் வரும். அதனால் அந்தத் தொழிற்சாலையில் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஒரு வழக்கம் வந்திருந்தது. முன்பக்கத்தில் பதினான்கு கட்டத்திலும் டிக் போட்டுவிடுவார்கள். உண்மையைத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுவார்கள். மறுநாள் காலை மெயின்டனன்ஸ்காரர் டீ குடித்துக்கொண்டே ஒவ்வொரு மெஷினாக வந்து, முந்தைய நாள் தாளைத் திருப்பிப் படிப்பார். சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் சும்மா நிற்கும்போது சரிசெய்துவிட்டுப் போவார். யாருக்கும் திட்டு விழாது. வேலையும் நடக்கும். ஆடிட்டர்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பழைய கட்டுகளைப் பிரிக்கும்போது அந்தப் பின்பக்கங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். சிரிப்பாக இருக்கும். ‘கிளட்ச் கிழவி மாதிரி முனகுது, கொஞ்சம் பாரு மாமே’ என்று ஒன்று. ‘எண்ணெ ஒழுகி என் செருப்பு பூட்ச்சி’ என்று ஒன்று. அதற்குக் கீழே மெயின்டனன்ஸ்காரர், ‘பாத்தாச்சு, செருப்புக்கு நான் பொறுப்பில்லை’ என்று எழுதியிருந்தார். இந்த ஆட்கள் ஆபீஸில் போய் நிற்பதைவிடப் பின்பக்கத்தில் நன்றாகப் பேசுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் ஸ்கேன் செய்தால் போதும் என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவுக்குக் காரணங்கள் இருந்தன. இரண்டு பக்கமும் எடுத்தால் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கமாக வரும். தேடும்போது பக்க எண் குழம்பும். அடுத்த ஆடிட்டுக்குள் முடிக்க வேண்டும். எங்கள் ஸ்கேனர் இரண்டு பக்கமும் எடுக்கக்கூடியதுதான், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நான் அழுத்தவில்லை.

பழையது முடிந்ததும் புதியவற்றுக்கும் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் தாள்கள் மெஷினில் தொங்கக் கூடாது. என் அறையிலிருக்கும் டிரேவுக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலை ஸ்கேன் ஆகும். மெயின்டனன்ஸ்காரர் தன் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம், மெஷின் மெஷினாக அலைய வேண்டியதில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை தாள்களைக் கிழித்துக் கூழாக்க ஒரு வண்டி வந்து எடுத்துப் போகும்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர்தான். ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் ஆப்பரேட்டர். ஐம்பதை நெருங்குகிறவர். பதினெட்டு வருடமாக அங்கே வேலை. வேப்பம்பட்டில் சொந்த வீடு. கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. டிசம்பர் வந்தால் எல்லோருக்கும் வீட்டிலிருந்து கேக் கொண்டுவருவார். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். “எங்க ஆளுங்க அண்ணான்னுவாங்க, இல்லாங்காட்டி அண்ணாத்தேன்னுவாங்க. நீங்க அண்ணேன்றீங்களே மேடம், ஆடு மேய்க்கிறவன கூப்புட்ற மாதிரி கீது” என்று கிண்டல் செய்வார்.

ஒரு நாள் அவர் என் அறைக்கு வந்து, ஸ்கேனரில் தாள்கள் வரிசையாக உள்ளே போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னா மேடம், பின்னாடி எடுக்கலியா?”

“பின்னாடி சும்மா கிறுக்கல்தானேண்ணே.”

“கிறுக்கலா?” என்று சிரித்தார். “மேடம், முன்னாடி கீறது ஆடிட்டருக்கு. பின்னாடி கீறதுதான் எங்களுக்கு. இத்தினி நாளா தாளு அங்கியே தொங்கும், மெயின்டனன்ஸ்ல வந்து பாப்பாங்க. இப்ப இங்க வந்துட்ச்சு. அவுங்க எங்க பாப்பாங்க?”

“அப்படின்னா முன்னாடியே உண்மையை எழுதுங்கண்ணே. அதுதானே முறை.”

நான் சொன்னது சரிதான். காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தால் என் பக்கம் ஒரு தப்பும் இல்லை. முன்பக்கத்தில் உண்மையை எழுதினால் யாருக்குத் திட்டு விழும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அதாவது, யோசிக்கும் இடத்தில் நான் இல்லை. ஏசி அறையில் இருந்தேன்.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். “சர்தான் மேடம், நீங்க படிச்சவங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேறொரு எரிச்சல் வந்தது. பின்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதுவதால் மை ஊறி முன்பக்க ஸ்கேனில் நிழலாகத் தெரிந்தது. டிக் போட்ட கட்டங்கள் அழுக்காகத் தெரிந்தன. எனக்கா பொறுக்கும்? ‘செக் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுத வேண்டாம். ஸ்கேன் சுத்தமாக வருவதில்லை’ என்று ஒரு அறிவிப்பு அடித்து, லாமினேட் செய்து, மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் நான்கு இடத்தில் ஒட்டவைத்தேன். பெரும்பாலானவர்கள் எழுதுவதை விட்டுவிட்டார்கள். ஏழாம் நம்பர் பிரஸ்காரர் மட்டும் விடவில்லை. என் அறிவிப்புக்கு மரியாதை கொடுத்து, பேனாவை விட்டுப் பென்சிலுக்கு மாறினார். பென்சில் ஊறாது. ஸ்கேன் வெள்ளை வெளேரென்று வந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்தப் பென்சில் எழுத்தை நான் படித்தேன். இதைத்தான் நான் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு காலையில் தாள்களைத் தட்டி அடுக்கும்போது ஏழாம் நம்பர் தாள் கீழே விழுந்து குப்புறக் கிடந்தது. குண்டு குண்டான எழுத்தில், ‘லைட் கர்ட்டன் ரெண்டு தபா நிக்கல. கை உள்ள போயும் மெஷின் கீழ வந்துச்சி. உடனே பாக்கணும்’ என்று இருந்தது. கீழே தேதியும் கையெழுத்தும். அடுத்த நாள் தாளை நானாகத் திருப்பிப் பார்த்தேன். ‘இன்னும் பாக்கல’ என்று இருந்தது. அதற்கடுத்த நாள், ‘மூணு நாளா எழுதிக்கினு கீறேன். வாயாலயும் சொல்லிட்டேன்.’

படித்தேன். மெயின்டனன்ஸுக்கு வாயால் சொல்லிவிட்டார், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நேராக நடந்து போனால் மெயின்டனன்ஸ் அறைக்கு இரண்டு நிமிடம் ஆகும். போன் செய்தால் அதுவும் ஆகாது. நான் தாளை முன்பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி ஸ்கேனரில் வைத்தேன். அன்றைக்கு எனக்கு வேறு என்ன தலைபோகிற வேலை இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

நான்காவது நாள் வியாழக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். சத்தம் முதலில் கேட்கவில்லை. பிரஸ் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்று, ஷாப் ஃப்ளோர் அமைதியானபோதுதான் என்னவோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. நான் வெளியே வரும்போது அவரை நான்கு பேர் தாங்கி வண்டிக்குக் கூட்டிப் போனார்கள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. அவர் கத்தவில்லை. யாரையோ பார்த்து, “சொன்னேன் இல்ல? சொன்னேன் இல்ல?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

சனிக்கிழமை வழக்கம்போல வண்டி வந்தது. அந்த வாரத்துத் தாள்களெல்லாம் சாக்குப் பையில் கட்டி என் அறை வாசலில் தயாராக இருந்தன. டிரைவர், “எடுத்துக்கட்டா மேடம்?” என்றான். என் வாய் ‘எடுத்துக்கோ’ என்றது. அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவேயில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஆனால் சனிக்கிழமை என்றால் வண்டி எடுக்க வேண்டும். நான் போட்ட விதியை நானே மீறுவதா? அப்படிப் பழகிப்போயிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை நடந்தது. வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் விசாரணை அதிகாரியாக வந்தார். மீட்டிங் ரூமில் அந்த அதிகாரி, பிளான்ட் ஹெட், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஏழாம் நம்பர் பிரஸ்காரர், லேப்டாப்போடு நான். ஆப்பரேட்டர் கர்ட்டனைச் சரியாகச் சோதிக்காமல் அஜாக்கிரதையாக மெஷினை ஓட்டினார் என்பது கம்பெனியின் குற்றச்சாட்டு. அந்த வாரத்துச் செக் ஷீட்டுகளைக் கேட்டார்கள். பத்து செகண்டுக்கும் குறைவாகத்தான் ஆனது. திரையில் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் வரிசையாக வந்தன. பதினான்கு கட்டத்திலும் டிக். கீழே அவர் கையெழுத்து. அழுக்கே இல்லாத, கண்ணாடி போன்ற ஸ்கேன்.

“லைட் கர்ட்டன் வேலை செய்யுதுன்னு நீங்களே டிக் போட்டு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?” என்றார் அதிகாரி.

“முன்னாடி அப்டிதான் சார் போடுவோம். எல்லாரும் அப்டிதான். பின்னாடி எழுதியிருந்தேன் சார். மூணு நாளா எழுதியிருந்தேன். வாயாலயும் சொன்னேன், இப்ப கேட்டா இல்லன்றாங்க.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “பின்பக்கம் ஏதாவது இருக்காம்மா?”

“சிஸ்டத்துல இருக்கிறது இவ்வளவுதான் சார்.”

“பேப்பர்?”

“பாலிசிப்படி அப்புறப்படுத்தியாச்சு சார்.”

“அப்போ இதுதான் முழு ரெக்கார்டா?”

பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்தார். மிரட்டவெல்லாம் இல்லை. பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் முகத்தில் இருந்தது பெருமை. இத்தனை வேகத்தில் தாளை எடுத்துக் காட்டிவிட்டோமே என்கிற பெருமை. முழு ரெக்கார்டு இல்லை என்று நான் சொன்னால், இத்தனை மாதமாக நான் ஒழுங்கு ஒழுங்கு என்று கட்டியதெல்லாம் அரைகுறை என்று நானே சொன்னதாகும்.

“ஆமா சார்” என்றேன்.

ஏழாம் நம்பர் பிரஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு உதவிக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

‘சோதிக்காமலேயே சோதித்ததாகப் பொய்யாகப் பதிவு செய்தார்’ என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்த வரியோடு அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பதினெட்டு வருடத்தில் அவர்மேல் இருந்த ஒரே கெட்ட வரி அது.

எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “விரல் போனதுக்கு நீ எப்படிப் பொறுப்பு? தேவையில்லாம வம்பை விலைக்கு வாங்காத” என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். எனக்கு அது உதவவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாங்காடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பி, அம்பத்தூரில் ரயில் ஏறி, வேப்பம்பட்டில் ஏழாம் நம்பர் பிரஸ்காரர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவர்கள் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். அவர் மனைவி என்னை யாரென்று தெரிந்ததும் உள்ளே போய் ஃபேனைப் போட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் இடது கையால் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே வந்தார்.

“இன்னா மேடம், இவ்ளோ தூரம்? ஒரு போன் பண்ணிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன் இல்ல?”

மேஜையில் வைத்த காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொன்னேன். தாளை மெஷினிலிருந்து எடுக்கவைத்தது நான், ஒரு பக்கம் போதும் என்றது நான், வண்டியில் ஏற்றச் சொன்னது நான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியாக, “நீங்க பென்சில்ல எழுதினதை நான் படிச்சேண்ணே. மூணு நாளும் படிச்சேன்” என்றேன்.

அவர் ஆறிப்போன காபியை ஓரமாக நகர்த்திவைத்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் கத்துவார், வெளியே போ என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். அதற்காகத்தான் போனேனோ என்னவோ.

அவர் முகம் மலர்ந்தது.

“படிச்சீங்களா மேடம்? நெசமாவா?” என்று கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். “கேட்டியா? மேடம் படிச்சிருக்காங்க. நான் எழுதுனேன்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. ஊட்ல என் புள்ளையே, ‘நைனா, நெசமாவே எழுதுனியா’ன்னு கேக்கறான் மேடம். விரலு போனது போவட்டும். பொய் எழுதுனவன்னு போட்டாங்க பாருங்க, அதான் தூங்க விடமாட்டேங்குது.”

லேபர் ஆபீஸில் மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார். அங்கே எல்லோரும் ஆதாரம் எங்கே என்றுதான் கேட்கிறார்களாம். “நீங்க வந்து, ‘நான் பாத்தேன்’னு ஒரு வார்த்த சொன்னா போதும் மேடம். இல்லாங்காட்டி எழுதிக் குட்த்தா போதும். தாளு வேணாம். கண்ணால பாத்தவங்க சொன்னா ஏத்துக்குவாங்களாம். வருவீங்களா?”

“வரேண்ணே” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் ஸ்டேஷன்வரை வந்து ரயில் ஏற்றிவிட்டார். ரயில் கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று, “நன்றி மேடம்” என்றார். அந்த நன்றியை என்ன செய்வது என்று தெரியாமல் தலையாட்டினேன்.

எழுதியும் வைத்தேன். இரண்டு பக்கம். என்ன தேதியில் என்ன படித்தேன், எந்த வார்த்தைகள் இருந்தன, விசாரணையில் நான் என்ன சொன்னேன், அது ஏன் உண்மையில்லை என்று எல்லாவற்றையும். ஒரு வரிகூடப் பூசி மெழுகவில்லை. நான் எழுதியதிலேயே நன்றாக எழுதியது அதுதான். கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி. ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து ஒரு வார்த்தையை மாற்றுவேன், மூடுவேன்.

வேலை போய்விடும் என்ற பயமா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். வேலை போனால் வேறு கிடைக்கும். நான் பயந்தது அதற்கில்லை. அந்தத் தாளைக் கொடுத்தால், அன்று மீட்டிங் ரூமில் ‘ஆமா சார்’ என்று சொன்னவள் பொய் சொன்னாள் என்று ஆகிவிடும். அவர் பெயருக்குக் கீழே இருக்கிற அதே வரி என் பெயருக்குக் கீழே வரும். அவரால் தாங்க முடியாததை அவர் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், என்னால் முடியாது என்று ஒதுங்கினேன். இதைவிட நாகரிகமாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் போன் செய்து தேதி சொன்னார். “வர்ற செவ்வாக்கெழம மேடம், பதினோரு மணி. பத்தரைக்கு வாசல்ல நிக்கறேன்.” சரி என்றேன். திங்கள் அன்று லீவு கேட்டு மெயில் அடித்தேன். அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில்கூடப் போவதாகத்தான் இருந்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபின், எங்கே என்று கேட்ட டிரைவரிடம் எஸ்டேட் என்றேன்.

பத்தே முக்காலுக்கு ஒரு தடவையும், பதினொன்று ஐந்துக்கு ஒரு தடவையும் போன் அடித்தது. சத்தத்தை அணைத்து, திரையைக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம்தான் எடுத்துப் பார்த்தேன். ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. “மேடம், இன்னிக்கு கூப்ட்டாங்க. நீங்க வந்துகினு இருக்கீங்கன்னு சொன்னேன், பத்து நிமிசம் வெயிட் பண்ணாங்க. பரவால்ல மேடம். உங்களுக்கும் வேல கீது, ஃபேமிலி கீது. வரேன் மேடம்.” குரலில் ஒரு வருத்தமும் இல்லாததுபோலப் பேசியிருந்தார். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிடவில்லை.

மனு தள்ளுபடியான செய்தி ஷாப் ஃப்ளோர் வழியாகத்தான் எனக்கு வந்தது. பின்பக்கம் எழுதியதாகச் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆதாரம் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, அது அம்பத்தூரில் ஏசி அறையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மதியம் கேன்டீனில் என்ன சாப்பாடு என்று அறைக்கு வந்த ஸ்டோர்ஸ்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.